ஸ்பெசிஃபிசிட்டியை மாணவர்களுக்குச் செய்து காட்ட: குச்சிக்கிழங்கு, மாவுப்பூச்சி, வெள்ளைக்கல், ஒரு கேள்வித்தாள்

அஞ்சுரோடு டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். அடுத்த மாதம் எங்கள் துறை, விலங்கியல், வேதியியல், உளவியல் நான்கும் சேர்ந்து முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறோம். தலைப்பு ஸ்பெசிஃபிசிட்டி. ஒரு நொதி ஏன் ஒன்றை மட்டும் பிடிக்கிறது, ஒரு ஒட்டுண்ணி ஏன் ஒரு பூச்சியை மட்டும் தேடுகிறது, ஒரு வினைப்பொருள் ஏன் ஓர் உலோகத்துக்கு மட்டும் நிறம் காட்டுகிறது, ஒரு கேள்வி ஏன் ஒரு நடத்தையை மட்டும் முன்கூட்டிச் சொல்கிறது என்று நான்கையும் ஒரே நாளில் காட்ட வேண்டும். பொருட்கள் முடிந்தவரை உள்ளூரிலேயே கிடைக்க வேண்டும்.

இப்போதைய திட்டம்:

ஜவ்வரிசிக் கஞ்சியில் உமிழ்நீர் சேர்த்து அயோடின் சோதனை. ஒப்பிட, சர்க்கரைக் கரைசலில் உமிழ்நீர். செல்லுலோஸுக்குச் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியிலிருந்து திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் ஸ்டார்ச் எடுத்தபின் மிஞ்சும் சக்கை. முன்னோட்டத்தில் திப்பிக் குழாயிலும் பெனடிக்ட் (குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரை இருந்தால் நீலத்திலிருந்து சிவக்கும் கரைசல்) சிவந்தது, சர்க்கரைக் குழாயிலும் லேசாக ஆரஞ்சு வந்தது. ஜவ்வரிசிக் கஞ்சியில் அயோடின் நிறம் ஒரு தடவை வருகிறது, ஒரு தடவை வரவில்லை.

விலங்கியலில் மரவள்ளி மாவுப்பூச்சியை வைத்து ஏதாவது செய்யலாம் என்கிறார்கள். வேதியியலில் மேக்னசைட் கல்லை (மக்னீசியம் கார்பனேட் நிறைந்த வெள்ளைக்கல்) எடுத்து, உலோக அயனியைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. மக்னீசியத்துக்கு மட்டுமேயான வினைப்பொருள் என்று காட்டும் யோசனை. உளவியலில் ஏற்காட்டுக்கு வரும் பயணிகளிடம் "சுற்றுச்சூழலில் உங்களுக்கு அக்கறை உண்டா" என்று கேட்டு, அவர்கள் பிளாஸ்டிக் பாட்டில் வாங்குகிறார்களா என்று பார்ப்பது.

இதில் எது நிற்கும், எது நிற்காது? நான்கையும் ஒரே தலைப்பில் கட்டுவதே சரிதானா?

---

ஆத்தூர் ஸ்டார்ச் பதில்:

மேடம், உங்கள் முதல் சோதனையில் நொதி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதற்குக் கொடுத்த பொருட்கள்தான் சுத்தமில்லை.

திப்பி செல்லுலோஸ் அல்ல. ராஸ்பரில் (கிழங்கைத் துருவும் இயந்திரம்) அரைத்து எவ்வளவு அலசினாலும் நாரின் செல்களுக்குள் ஸ்டார்ச் தங்கிவிடும். உலர்ந்த திப்பியின் எடையில் ஏறக்குறைய பாதி ஸ்டார்ச்தான். உமிழ்நீர் அதைப் பிடித்துக்கொண்டது. செல்லுலோஸுக்கு வடிதாளைக் கிழித்து ஊறவைத்த கூழோ, மருந்துக்கடைப் பஞ்சோ வையுங்கள். திப்பியையும் தனிக் குழாயில் வைத்து, "இதில் ஏன் சிவந்தது?" என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். அயோடின் ஒரு சொட்டு விட்டால் பதில் நீலமாக வந்துவிடும்.

கடைச் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சிறிதளவு இருக்கலாம். பெனடிக்டுக்கு அதுவே போதும். வாயில் ஒட்டியிருந்த இனிப்பும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சர்க்கரை + தண்ணீர் ஒரு குழாய், உமிழ்நீர் + தண்ணீர் ஒரு குழாய் கட்டாயம். ஆய்வக சுக்ரோஸ் (சுத்தமான சர்க்கரை) வாங்குவது நல்லது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை பக்கமே போகாதீர்கள், அவற்றில் ஒடுக்கும் சர்க்கரை தாராளம்.

ஜவ்வரிசியில் இரண்டு சிக்கல். கஞ்சி சூடாக இருக்கும்போது அயோடின் விட்டால் நீலம் வராது, ஆறினால்தான் வரும். நிறம் வந்து வந்து போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இன்னொன்று, வெளுப்புக்குப் போட்ட குளோரின் சேர்மம் மிச்சமிருந்தால் அயோடினையும் கெடுக்கும், நொதியையும் கெடுக்கும். அதனால் ஸ்டார்ச்சை நீங்களே எடுங்கள். பச்சைக் குச்சிக்கிழங்கை (மரவள்ளிக் கிழங்கு) தோலுரித்துத் துருவி, தண்ணீரில் பிசைந்து, வெள்ளைத் துணியில் வடித்து, அடியில் படிய விட்டு மேல்தண்ணீரை இறுத்துவிடுங்கள். மூன்று முறை புதுத் தண்ணீர் ஊற்றி இறுத்தால் போதும். வெயிலில் உலர்த்திச் சலித்து வையுங்கள்.

அளவுகள் இவை. 1 கிராம் ஸ்டார்ச்சை 10 மி.லி. குளிர்ந்த நீரில் கலக்கி, கொதிக்கும் 90 மி.லி. நீரில் கிளறிக்கொண்டே ஊற்றி 2 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். அயோடினுக்கு 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சிறிதளவு நீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடின் கரைந்த பிறகு 300 மி.லி. ஆக்குங்கள். வாயை நன்றாகக் கொப்பளித்த பிறகு 10 மி.லி. தண்ணீரை ஒரு நிமிடம் வாயில் வைத்திருந்து துப்பி, பஞ்சு வழியாக வடித்துக்கொள்ளுங்கள். குழாயில் ஸ்டார்ச் 5 மி.லி., பி.எச். 6.8 பாஸ்பேட் தாங்கல் (பி.எச்.-ஐ மாறாமல் வைக்கும் கரைசல்) 1 மி.லி., 1% உப்புக்கரைசல் 1 மி.லி., உமிழ்நீர் 1 மி.லி., வெப்பம் 37 டிகிரி. உப்பை விட்டுவிடாதீர்கள். ஸ்டார்ச்சை உடைக்கும் உமிழ்நீர் நொதியான அமைலேஸுக்குக் குளோரைடு அயனி வேண்டும், இல்லையென்றால் வேலை மந்தமாகும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் அயோடினோடு சேர்த்தால் நீலம், ஊதா, செம்பழுப்பு என்று இறங்கி மஞ்சளில் நிற்கும். எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், இந்த அமைலேஸுக்கான ஏ.எம்.ஒய்.1 மரபணுவின் நகல் எண்ணிக்கையே எல்லோருக்கும் ஒன்றல்ல. முதல் நிமிடத்திலேயே நிறம் போய்விட்டால் உமிழ்நீரைப் பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் திட்டத்தில் இல்லை. அமைலேஸ் ஸ்டார்ச்சை உடைத்தது, சுக்ரோஸை உடைக்கவில்லை என்று காட்டினால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது. சுக்ரோஸ் உடைக்கவே கடினமான பொருளாக இருக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்டால் பதில் கிடையாது. அதற்கு எதிர்த்திசையில் இன்னொரு நொதி வேண்டும். பேக்கரி ஈஸ்ட் 1 கிராமை 10 மி.லி. நீரில் 20 நிமிடம் ஊறவைத்து வடித்தால் சுக்ரோஸை உடைக்கும் நொதியான இன்வர்டேஸ் கிடைக்கும். அதற்குப் பி.எச். 4.7 அசிட்டேட் தாங்கல். இப்போது நான்கு குழாய்கள்: உமிழ்நீர் ஸ்டார்ச்சோடும் சுக்ரோஸோடும், ஈஸ்ட் சாறு ஸ்டார்ச்சோடும் சுக்ரோஸோடும். ஒவ்வொரு நொதிக்கும் அதற்கு உகந்த தாங்கலையே இரண்டு பொருளிலும் கொடுங்கள், இல்லாவிட்டால் பி.எச்.-தான் காரணம் என்று வாதிடலாம். 15 நிமிடம் கழித்து, 5 மி.லி. பெனடிக்டில் 8 சொட்டு விட்டுக் கொதிநீரில் 3 நிமிடம். குறுக்கும் மறுக்குமாக இரண்டு குழாய் சிவந்து இரண்டு நீலமாகவே நின்றால்தான் ஸ்பெசிஃபிக் என்ற சொல்லுக்கு நீங்கள் தகுதி தேடிக்கொண்டீர்கள்.

கொதிக்க வைத்த உமிழ்நீர், கொதிக்க வைத்த ஈஸ்ட் சாறு இரண்டும் தனித்தனியாகக் கட்டுப்பாட்டுக் குழாய்கள். 10 நிமிடமாவது கொதிக்கட்டும். ஈஸ்ட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். ரொட்டிக்காக அமைலேஸ் சேர்த்த வகையும் உண்டு, அது மொத்தக் கட்டத்தையும் குலைத்துவிடும்.

நேரம் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: அமைலேஸ் வெட்டுவது ஆல்பா-1,4 பிணைப்பை மட்டும். செல்லுலோஸில் இருப்பதும் குளுக்கோஸ்தான், ஆனால் பிணைப்பு பீட்டா-1,4. ஸ்டார்ச்சின் கிளைவிட்ட பகுதியான அமைலோபெக்டின் கிளை பிரியும் இடத்தில் உள்ள ஆல்பா-1,6-ஐயும் இந்த நொதி தொடாது, அதனால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் கிளை உள்ள டெக்ஸ்ட்ரின் மிஞ்சும். ஸ்டார்ச்சிலிருந்து லிக்விட் குளுக்கோஸ் எடுக்கும் ஆலைகள் இரண்டு நொதி போடுவது இதனால்தான். முதலில் 90 டிகிரிக்கு மேல் தாங்கும் பாக்டீரியா அமைலேஸ், பிறகு 60 டிகிரியில் பி.எச். 4.5 அளவில் குளுக்கோஅமைலேஸ். எமில் ஃபிஷர் 1894-ல் பூட்டும் சாவியும் என்று எழுதியது இதே ஆல்பா, பீட்டா வேறுபாட்டைப் பார்த்துத்தான். ஈஸ்ட் சாறு ஆல்பா-குளுக்கோசைடை உடைத்தது, பாதாம் எமல்சின் பீட்டாவை உடைத்தது. அவர் கையிலும் இருந்தது இரண்டுக்கு இரண்டு கட்டம்தான்.

குச்சிக்கிழங்கிலேயே இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு, ஆனால் சோதனையாகச் செய்ய வேண்டாம், பேசினால் போதும். கசப்புக்கும் நஞ்சுக்கும் காரணமான லினமாரின் ஒரு பீட்டா-குளுக்கோசைடு, செல்லின் உள்ளே வெற்றிடப்பையில் இருக்கும். அதை உடைக்கும் லினமாரேஸ் செல்சுவரில் இருக்கும். துருவினால் இரண்டும் சந்தித்து, ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். துண்டு போட்டு நேராகக் கொதிநீரில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், லினமாரின் கிழங்கிலேயே தங்கி, தண்ணீரில் கரைந்து போகும் பங்கு மட்டுமே குறையும். ஆகவே குளிர்ந்த நீரில் போட்டு மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது சரியான முறை. நொதி ஸ்பெசிஃபிக்காக இருந்து பயனில்லை, பொருளைச் சந்திக்கவும் வேண்டும்.

---

ஏத்தாப்பூர் பக்கம் பதில்:

மாவுப்பூச்சிக்கு நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாதுங்க. ஒரே மரவள்ளிச் செடியில் இரண்டு மாவுப்பூச்சி, இரண்டுக்கும் அவற்றின் உடலுக்குள் வளர்ந்து கொல்லும் வேறு வேறு ஒட்டுண்ணிக் குளவி. மேலே சொன்ன இரண்டுக்கு இரண்டு கட்டம் வயலிலேயே இருக்கிறது.

முதலாவது பப்பாளி மாவுப்பூச்சி, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பலவற்றில் ஏறும். இதற்கு 2010-ல் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டார்கள், பூச்சி அடங்கியது. இரண்டாவது மரவள்ளி மாவுப்பூச்சி, ஃபீனகாக்கஸ் மனிஹோட்டி. இந்தியாவில் இது 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. முன்பு விட்ட குளவி வயலில் இருந்தும் இதை அடக்கவில்லை. இதற்கென்றே அனாகைரஸ் லோபெசி என்ற வேறொரு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

பூச்சியைத் தவறாக அடையாளம் கண்டால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்க வரலாறே காட்டும். 1970-களில் அங்கே மனிஹோட்டி பரவியபோது, அதன் இயற்கை எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குப் போனார்கள். அங்கே கிடைத்த மாவுப்பூச்சி பார்க்க அதே மாதிரி. ஆனால் அதன் ஒட்டுண்ணிகளை ஆப்பிரிக்கப் பூச்சியின்மேல் விட்டபோது எடுபடவில்லை. பிறகுதான் அது ஃபீனகாக்கஸ் ஹெர்ரெனி என்ற வேறு இனம் என்று தெரிந்தது. உண்மையான மனிஹோட்டி 1981-ல் பராகுவேயில் கிடைத்தது, லோபெசி குளவியும் அங்கிருந்தே வந்தது. அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெர்ரென் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

வகுப்பில் செய்ய: இரண்டு பூச்சியையும் கிளையோடு கொண்டுவந்து கை லென்ஸில் பாருங்கள். மனிஹோட்டி இளஞ்சிவப்பு உடம்பு, மேலே வெள்ளை மாவு. பெரும்பாலும் நுனிக்குருத்தில் அடையும், குருத்து சுருண்டு கணுக்கள் நெருங்கி முடிச்சாகிவிடும். பப்பாளி மாவுப்பூச்சியின் உடம்பு மஞ்சள். சந்தேகம் இருந்தால் 70% ஆல்கஹாலில் போட்டு வையுங்கள், பப்பாளி மாவுப்பூச்சி நீலக்கறுப்பாக மாறும், மனிஹோட்டி அப்படி மாறாது. உறுதியாகச் சொல்ல ஸ்லைடு செய்து நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும், ஆனால் முதலாண்டு மாணவருக்கு இது போதும்.

பிறகு மனிஹோட்டி உள்ள நுனிகளைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, மெல்லிய மஸ்லின் துணியால் வாயைக் கட்டி, நிழலில் வையுங்கள். கொசுவலை வேண்டாம், குளவி அதன் கண் வழியாகவே போய்விடும். ஒட்டுண்ணி ஏறிய பூச்சி பழுப்பாக, உப்பிய பீப்பாய் மாதிரி இறுகும். குளவி வெளிவந்தால் வட்ட ஓட்டை தெரியும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் பயிற்சி நாளுக்கு முன்பே சேகரித்துவிடுங்கள். மருந்து அடித்த வயலில் எடுத்தால் குளவி இருக்காது. பல பூச்சிக்கொல்லிகள் மாவுப்பூச்சியை மெழுகுக்கு அடியில் விட்டுவிட்டுக் குளவியைத்தான் முதலில் கொல்லும்.

பூச்சி உள்ள கிளையை வேறு ஊர் வயலுக்கு எடுத்துப் போக வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் முக்கி எரித்துவிடுங்கள்.

---

வெள்ளைக்கல் பதில்:

ஈ.டி.டி.ஏ. மக்னீசியத்துக்கு மட்டுமே என்று மாணவரிடம் சொல்லிவிடாதீர்கள் மேடம், அது நேர்மாறு. கால்சியம், இரும்பு, துத்தநாகம், நிக்கல் என்று பார்த்த உலோகத்தையெல்லாம் பிடிக்கும் பொருள் அது. அதனால்தான் மேக்னசைட் இந்தத் தலைப்புக்கு மிகப் பொருத்தம். வினைப்பொருளில் இல்லாத குணத்தைச் சூழலால் வரவழைக்கிறோம்: பி.எச்., மறைப்பான் (இடையூறு செய்யும் உலோகத்தைக் கட்டிப்போடும் பொருள்), சேர்க்கும் வரிசை. ஐயூபாக் என்ற உலக வேதியியல் அமைப்பு 2001-ல் பகுப்பாய்வாளர்களுக்குச் சொன்னதும் இதையொட்டித்தான். உண்மையில் ஒன்றை மட்டுமே பிடிக்கும் முறைகள் அரிது, ஆகவே எவ்வளவு தேர்ந்தெடுக்கிறது என்று பேசுங்கள் என்பது அதன் பரிந்துரை.

செய்முறை இது, நிறம் மாறும்வரை ஈ.டி.டி.ஏ.-வைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன்: நன்றாகப் பொடித்த கல் 0.5 கிராம், 1:1 ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. மேக்னசைட் குளிரில் மெதுவாகத்தான் கரையும், சூடாக்க வேண்டும். நுரை அடங்கிய பின்னும் சில நிமிடம் கொதிக்கவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை ஓட்டிவிடுங்கள். கரையாத சிலிக்காவை வடித்து, 250 மி.லி. ஆக்குங்கள். அதிலிருந்து 10 மி.லி. மட்டும் எடுங்கள். 25 எடுத்தால் 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. ஏறக்குறைய 59 மி.லி. வரை போகும், பியூரெட் போதாது. 10 எடுத்தால் சுத்தமான கல்லுக்கு 23.7 மி.லி. வரும்.

அமிலமாக இருக்கும்போதே டிரைஎத்தனாலமைன் 5 மி.லி. விடுங்கள். அது இரும்பையும் அலுமினியத்தையும் கட்டிப்போடும். தாங்கலை முதலில் ஊற்றிவிட்டால் இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்ந்துவிடும், பிறகு மறைப்பான் விட்டுப் பயனில்லை. அடுத்து பி.எச். 10 அம்மோனியா தாங்கல் 5 மி.லி., எரியோக்ரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி. ஒயின் சிவப்பிலிருந்து ஊதாத் துளியும் இல்லாத நீலம் வரும்வரை. இறுதியில் நிறம் மாறாமல் இழுத்தடித்தால் இரும்பு காட்டியைப் பிடித்துக்கொண்டது என்று பொருள்.

இந்த அளவு கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தது. கால்சியத்தை மட்டும் அறிய சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 12-க்கு மேல் ஏற்றினால் மக்னீசியம் வீழ்படிவாகி ஒதுங்கும், பேட்டன்-ரீடர் காட்டியில் கால்சியம் மட்டும் தெரியும். நம் கல்லில் இங்கேதான் தவறு நேரும். மக்னீசியம் மிக அதிகம், கால்சியம் சொற்பம். கொட்டும் வீழ்படிவு கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும், காட்டியையும் உறிஞ்சும், விடை குறைவாக வரும். கரைசலை நன்றாக நீர்த்து, தேவைப்படும் ஈ.டி.டி.ஏ.-வில் பெரும்பங்கை முன்பே விட்டுவிட்டு, பிறகு காரம் சேர்த்தால் இழப்பு குறையும். இரண்டின் வேறுபாட்டில் 1 மி.லி. 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ.-க்கு 0.403 மில்லிகிராம் மக்னீசியம் ஆக்சைடு. சுத்தமான மக்னீசியம் கார்பனேட்டில் அது 47.8%, அதைத் தாண்டி விடை வந்தால் எங்கோ தவறு.

பழைய புத்தகங்களில் மறைப்பானாகப் பொட்டாசியம் சயனைடு போட்டிருக்கும். கல்லூரியில் அதைத் தொடவே வேண்டாம்.

ஒரே உலோகத்தைப் பிடிப்பதற்கு நெருக்கமாக ஒன்றைக் காட்ட விரும்பினால் நிக்கலுக்கு டைமெதில்கிளையாக்சைம். சுகாயெவ் 1905-ல் கண்டது. துருப்பிடிக்காத எஃகுத் துண்டைத் துடைத்து, உப்புநீரில் நனைத்த வடிதாளை மேலே வைத்து, 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை எஃகிலும் எதிர்முனையைத் தாளின்மேல் வைத்த வேறொரு கம்பியிலும் சில நொடி தொடுங்கள். தாளில் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு, சிட்ரிக் அமிலக் கரைசல் ஒரு சொட்டு, அம்மோனியா, பிறகு 1% டைமெதில்கிளையாக்சைம். ரோஜாச் சிவப்பு வந்தால் நிக்கல். பெராக்சைடை விட்டுவிட்டால் இரும்பின் ஃபெரஸ் வடிவமும் சிவப்பு காட்டி ஏமாற்றும். சிட்ரிக் அமிலம் விடாவிட்டால் இரும்பின் பழுப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். நிக்கல் இல்லாத 430 தகடு ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதே மாதிரி செய்தால்தான் சோதனை முழுமை. கையுறை போடுங்கள், அந்தத் தாளில் குரோமியமும் இறங்கியிருக்கும்.

சிவப்பு வந்ததால் அது 304 (நிக்கல் கூடுதலாக உள்ள எஃகு வகை) பாத்திரம் என்று முடிவு கட்டவும் கூடாது. 200 வரிசை எஃகிலும் குறைவாக நிக்கல் உண்டு. சோதனை கேட்டது நிக்கல் இருக்கிறதா என்று மட்டும். காந்தம் ஒட்டினால் நிக்கல் இல்லை என்று கடைத்தெருவில் சொல்வதும் சரியல்ல, 304-ஐக் குளிர்நிலையில் வளைத்து அடித்த இடம் லேசாக ஒட்டும்.

---

இருபதாம் கொண்டை ஊசி பதில்:

உளவியல் பகுதிக்கு வருகிறேன். "சுற்றுச்சூழலில் அக்கறை உண்டா" என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்பார்கள். எல்லோரும் ஒரே பதில் சொன்னால் அந்தக் கேள்வியால் எதையும் பிரித்தறிய முடியாது. அது ஒருபுறம் இருக்க, கேள்வியும் நடத்தையும் ஒரே மட்டத்தில் இல்லை என்பதுதான் பெரிய கோளாறு.

உளவியலாளர்கள் அய்சென், ஃபிஷ்பைன் இருவரும் 1977-ல் வகுத்த விதி இதுதான்: மனப்பான்மையையும் நடத்தையையும் நான்கு கூறுகளில் ஒத்துப்போகும்படி அளக்க வேண்டும். என்ன செயல், எதன்மேல், எந்தச் சூழலில், எந்தக் காலத்தில். இதற்கு மிகத் தெளிவான சான்று டேவிட்சனும் ஜக்கார்டும் 1979-ல் வெளியிட்டது. கருத்தடை மாத்திரை உட்கொள்வதை முன்கணிக்க நான்கு கேள்விகள் வைத்தார்கள். கருத்தடை பற்றிய பொதுவான மனப்பான்மைக்கும் நடத்தைக்கும் ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.08. மாத்திரை பற்றிக் கேட்டபோது 0.32. மாத்திரையைத் தான் பயன்படுத்துவது பற்றிக் கேட்டபோது 0.53. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் பயன்படுத்துவது என்று காலத்தையும் சேர்த்தபோது 0.57. ஆட்கள் மாறவில்லை, கேள்வியின் கூர்மை மட்டும் ஏறியது.

உங்கள் ஆய்வை அப்படியே இந்த அமைப்பில் போடலாம். செயல், தண்ணீர் வாங்குவது. பொருள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில். சூழல், ஏற்காடு பயணம். காலம், இன்று. பதில்களை ஆம், இல்லை என்று வாங்காமல் 1 முதல் 7 வரை அளவுகோலில் வாங்குங்கள்.

முதல் கேள்வி: சுற்றுச்சூழலைக் காப்பது பற்றி உங்கள் எண்ணம். இரண்டாவது: பிளாஸ்டிக் பாட்டில்கள் பற்றி. மூன்றாவது: பயணத்தில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வாங்குவது பற்றி. நான்காவது: இன்று ஏற்காட்டில் இருக்கும் நேரத்தில் நீங்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வாங்குவது பற்றி. நான்கையும் ஒருவரிடமே வரிசையாகக் கேட்டால் முதல் பதில் அடுத்ததை இழுக்கும். பாதிப் பேருக்கு வரிசையைத் திருப்பிக் கொடுங்கள். பொதுக் கேள்வியை ஏரிக்கரையிலும் நடத்தையைக் கடை வாசலிலும் ஆளுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து பார்க்க வேண்டாம். ஒப்புதல் வாங்கி, ஊர் திரும்பும்போது அடிவாரத்தில் நிறுத்தி எத்தனை பாட்டில் வாங்கினீர்கள் என்று கேட்பது நேர்மையான வழி. பேருந்தில் வருபவரையும் காரில் வருபவரையும் தனியாகக் குறியுங்கள், காரில் கேன் வைத்திருப்பவருக்கு வாங்க வேண்டிய தேவையே வராது.

நான்காவது கேள்வி நன்றாக வேலை செய்தது என்பதற்காக முதல் கேள்வி குப்பை என்று மாணவர் நினைத்துவிடக் கூடாது. வைகலும் நியூமனும் 1976-ல் சுற்றுச்சூழல் மனப்பான்மையை முதலில் அளந்து, பிறகு அதே ஆட்களிடம் பல செயல்களைப் பார்த்தார்கள்: மனுவில் கையெழுத்து, குப்பை பொறுக்கும் பணி, மறுசுழற்சி என்று. தனிச் செயல் ஒவ்வொன்றோடும் உறவு பலவீனம். எல்லாச் செயல்களையும் கூட்டி ஒரே குறியீடாக்கியபோது 0.62. பொதுவான மனப்பான்மைக்குப் பொதுவான நடத்தை இணை. அந்த மட்டம் ஒத்துப்போவதுதான் விதி, கூர்மையாகக் கேட்பதே எப்போதும் மேல் என்பதல்ல.

எதிர்முனையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. "இன்னும் பத்து நிமிடத்தில் இந்தக் கடையில் பாட்டில் வாங்குவீர்களா" என்று கேட்டு, அவர் வாங்குவதைப் பார்த்தால் ஒட்டுறவு பிரமாதமாக வரும், ஆனால் மனப்பான்மையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. நடத்தையை இருமுறை அளந்திருப்போம், அவ்வளவே.

ஒரே தலைப்பில் கட்டலாமா என்ற கேள்விக்கு: நரம்பு உளவியலில் ஹான்ஸ்-லூகாஸ் டாய்பர் 1955-ல் இரட்டை விலகல் என்று பெயரிட்டது, ஆத்தூர் ஸ்டார்ச் சொன்ன அதே இரண்டுக்கு இரண்டு கட்டம்தான். ஒரு மூளைப் பகுதி கெட்டால் முதல் வேலை போய் இரண்டாவது நிற்கிறது. இன்னொரு பகுதி கெட்டால் இரண்டாவது போய் முதலாவது நிற்கிறது. ஒரு பாதியை மட்டும் கண்டால், போன வேலை வெறுமனே கடினமானது என்று சொல்லிவிடலாம். ஆகவே தர்க்கம் ஒன்று, காரணங்கள் வேறு. நொதியில் மூலக்கூறின் வடிவமும் மின்னூட்டமும், குளவியில் பரிணாமம், டைட்ரேஷனில் சமநிலை மாறிலி, கேள்வித்தாளில் அளவீட்டின் மட்டம். நான்கும் ஒரே இயங்குமுறை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

---

அஞ்சுரோடு டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. திப்பி, ஈ.டி.டி.ஏ. இரண்டையும் அப்படியே மாற்றிவிட்டேன். இரண்டு சின்னக் கேள்வி. படித்த அறையிலேயே தேர்வு எழுதினால் நினைவு நன்றாக வரும் என்று ஒரு மாணவி கேட்கிறாள், அதுவும் இந்தத் தலைப்பில் வருமா? இன்னொன்று, உமிழ்நீர்க் குழாய்களையும் மற்ற கழிவையும் எப்படி அப்புறப்படுத்துவது?

---

இருபதாம் கொண்டை ஊசி:

வரும். டல்விங், தாம்சன் 1973-ல் குறியாக்கத்தின் ஸ்பெசிஃபிசிட்டி என்று எழுதியது இதுதான்: பதிக்கும்போது கூட இருந்த குறிப்பே மீட்கும்போது உதவும், அது தொடர்பு பலவீனமான சொல்லாக இருந்தாலும். ஆனால் அறை என்பது அதில் மிகச் சின்னப் பங்கு. காடனும் பேட்லியும் 1975-ல் முக்குளிப்பவர்களை வைத்து நீருக்கடியிலும் கரையிலும் செய்த சோதனை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும், 2021-ல் அதைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. மாணவிக்குப் பயன்படுவது வேறு. மோரிஸ், பிரான்ஸ்ஃபோர்டு, ஃபிராங்க்ஸ் 1977-ல் காட்டியபடி, சோதனை எந்த வகையில் கேட்குமோ அந்த வகையில் பயிற்சி செய்தால் பலன். ஐந்து மதிப்பெண் விடை எழுத வேண்டுமென்றால் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து மதிப்பெண் விடையை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

வெள்ளைக்கல்:

கழிவில் கவனம் தேவை. ஒவ்வொரு மாணவரும் தன் உமிழ்நீரையே கையாளட்டும். அந்தக் குழாய்களை மட்டும் தனி வாளியில், புதிதாகக் கரைத்த பிளீச்சிங் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். பெனடிக்ட் சேர்த்த குழாய்களை அதில் போடாதீர்கள், செம்புக் கழிவுக்குத் தனிப் பாட்டில். ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷனின் அம்மோனியாக் கழிவை அந்த பிளீச்சிங் வாளியில் கொட்டினால் குளோரமின் வாயு வரும், மூச்சைப் பிடிக்கும். அயோடின் மிச்சத்தையும் அம்மோனியாவோடு சேர்க்கக் கூடாது, உலர்ந்தால் தொட்டாலே வெடிக்கும் சேர்மம் உருவாக வழி உண்டு. அயோடின் பாட்டிலில் நிறம் போகும்வரை சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு நிறையத் தண்ணீரோடு ஊற்றுங்கள். மூன்று பாட்டிலுக்கும் மேசையில் வெவ்வேறு மூலை ஒதுக்கி, லேபிளைப் பயிற்சி தொடங்கும் முன்பே ஒட்டிவிடுங்கள்.